கேதார்கந்தா (உத்தராகண்ட் பனிமலை ட்ரெக்) கிளம்பணும், கேஸ் ஸ்டவ் குளிர்ல அணைஞ்சிடுது, உதவி வேணும்

போன வாரம் ஊட்டில விடிகாலை, புல்லெல்லாம் உறைபனி, வேணும்னே ஸ்டவ்வ வெளிய வெச்சு டெஸ்ட் பண்ணேன், அஞ்சே நிமிஷத்துல தீ அகல் விளக்கு மாதிரி சுருங்கி அணைஞ்சிடுச்சு. கேன் வெளிப்பக்கம் வெள்ளையா பூத்திருக்கு, ஆட்டிப் பாத்தா உள்ள கேஸ் குலுங்குது, ஆனா வரல.

சாதா ஒத்தை பர்னர், நீள கேன் மாட்டுற மாடல், 2 வருஷமா கொடைக்கானல்ல எல்லாம் நல்லாத்தான் எரிஞ்சுது. ஊசி விட்டு அடைப்பு எடுத்தேன், வேற கேன் மாத்தினேன், ராத்திரி கேனை ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள கட்டிப்பிடிச்சு தூங்கினேன் (வீட்ல இன்னும் சிரிக்கிறாங்க), காலைல 10 நிமிஷம் எரிஞ்சுது, அவ்ளோதான். அப்புறம்தான் கேன்ல எழுதினத படிச்சேன், வெறும் ப்யூட்டேன், அது மைனஸ் அரை டிகிரிக்கு கீழ ஆவியாகாதாம்.

ஜனவரி கடைசில சாங்க்ரில இருந்து ஏறுறோம், வழியில ஜூடா கா தாலாப் ஏரிக்கரைல ஒரு ராத்திரி, அதுக்கு மேல ஒரு ராத்திரி, உச்சி 3,800 மீட்டர் கிட்ட, பனியை உருக்கித்தான் தண்ணி. ஃப்ளைட்ல கேன் விடமாட்டாங்க, டேராடூன்லதான் வாங்கணும்.

இன்னும் குளிர்லயும் ஆவியாகுற ஐசோப்யூட்டேன் ப்ரோப்பேன் கலந்த கேன் இந்த நீள மாடல்ல அங்க கிடைக்குமா, இல்ல ஸ்க்ரூ டைப் (கேனைத் திருகி மாட்டுற) ஸ்டவ்வே புதுசா வாங்கிடணுமா?