நுண்ணோக்கியில் பிரௌனியன் இயக்கம்: பார்த்தவர்கள் சொல்கிறார்கள்

நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாமல், ஒழுங்கில்லாமல் துடிப்பதுதான் பிரௌனியன் இயக்கம். இதைப் பார்க்கப் பெரிய ஆய்வகமெல்லாம் வேண்டாம். ஒரு சொட்டுப் பாலை நிறையத் தண்ணீரில் கலக்கி, அதில் ஒரு துளியை ஸ்லைடில் விட்டு, மேலே கவர் ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடித் தகட்டைப் போட்டு, 400 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிய கொழுப்புத் துளிகள் கிட்டத்தட்ட அசையாமல் கிடந்தன. நடுவே பொடிப்பொடியாக இருந்தவைதான் துடித்துக்கொண்டே இருந்தன. ஒன்றை மட்டும் விடாமல் கவனித்தேன். இடப்பக்கம் ஒரு வெட்டு, உடனே மேலே, அப்புறம் ஃபோகஸை விட்டே மறைந்து, சற்றுத் தள்ளி மறுபடி தலைகாட்டியது. சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமிருந்தும் மோதுகின்றன. துகள் சிறியதாக இருந்தால் அந்த மோதல்கள் சரிசமமாக ரத்தாவதில்லை.

ஆனால் ஆரம்பத்தில் எல்லாத் துளிகளும் ஒரே பக்கமாக ஊர்வது போலத் தெரியும். அது பிரௌனியன் இல்லை. பெரும்பாலும் கவர் ஸ்லிப் ஓரத்தில் தண்ணீர் ஆவியாவதால் வரும் ஓட்டம். ஓரங்களை நெயில் பாலிஷால் அடைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்தால் ஓட்டம் அடங்கும், ஆட்டம் அடங்காது. அருகருகே உள்ள இரண்டு துளிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஆடுகின்றனவா என்று பாருங்கள்.

*

நான் பார்த்தது மகரந்தத்தூளை. அசையவே இல்லை! அசையாதுதான், அது அவ்வளவு பெரியது. 1827-ல் தாவரவியலாளர் ராபர்ட் பிரௌன் (இயக்கத்துக்கு இவர் பெயர்தான்) ஆடக் கண்டதும் முழு மகரந்தத்தூளை அல்ல, அதனுள்ளிருந்த நுண்துகள்களை. பல பாடப்புத்தகங்கள் இங்கே கோட்டை விடுகின்றன. உயிருள்ளதால் ஆடுகிறதோ என்று அவர் கண்ணாடி, கல், ஸ்பிங்ஸ் சிலையின் ஒரு துணுக்கு என்று எதையெதையோ பொடித்துப் போட்டுப் பார்த்தார். எல்லாமே ஆடின.

*

ஜன்னல் வெயிலில் மிதக்கும் தூசியையும் பிரௌனியன் என்பார்கள். கண்ணுக்குத் தெரியும் அந்தச் சுழற்சி பெரும்பாலும் காற்றோட்டம்தான்.

நான் 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விட்டமுள்ள பிளாஸ்டிக் மணிகளை வீடியோ எடுத்து, ஃபிரேம் ஃபிரேமாகப் புள்ளி வைத்துப் பார்த்தேன். நேரம் 4 மடங்கானால் நகர்வு சராசரியாக 2 மடங்குதான் ஆகிறது. இந்த வர்க்கமூலக் கணக்கு ஐன்ஸ்டீன் 1905-ல் போட்டது: இதே அளவுத் துகள் 17 டிகிரி நீரில் ஒரு திசையில் 1 நொடிக்குச் சுமார் 0.8 மைக்ரான், 1 நிமிடத்துக்குச் சுமார் 6 மைக்ரான் நகரும். பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பெரன் இதையும் வைத்துத்தான் குறிப்பிட்ட அளவு பொருளில் எத்தனை மூலக்கூறுகள் உள்ளன என்று கணித்தார். 1926-ல் அவருக்கு நோபல் கிடைத்தது. தண்ணீரைச் சூடாக்கினால் ஆட்டம் கூடுமா?

*

கூடும். ஆனால் வெப்பம் நேராகச் செய்வது கொஞ்சம்தான். 20-லிருந்து 40 டிகிரிக்குப் போனால் கெல்வின் கணக்கில் (–273 டிகிரியைப் பூஜ்யமாக வைத்து எண்ணினால்) வெறும் 7 சதவீத ஏற்றம். தண்ணீரின் பாகுத்தன்மையோ, அதாவது துகளின் அசைவுக்கு அது காட்டும் எதிர்ப்போ, மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது, அதுதான் பெரிய காரணம். நம்பிக்கை இல்லையென்றால் கிளிசரின் கலந்து பாருங்கள், அப்படியே மந்தமாகிவிடும்.