கேள்வி நேரத்தில் கேட்டது: உளவியல் கருத்தரங்குகளில் நமக்கு நேர்ந்தவை

உளவியலில் பிஎச்.டி. செய்கிறேன், மூன்றாம் ஆண்டு. எங்கள் துறையில் வாரம் ஒருமுறை ஆய்வுக் கருத்தரங்கு நடக்கும். வெளியிலிருந்து ஒருவர் வந்து, தான் இப்போது செய்துகொண்டிருக்கும் வேலையைச் சொல்வார். நாற்பது நிமிடம் பேச்சு, இருபது நிமிடம் கேள்வி. முதலாண்டில் வருகைப் பதிவுக்காகத்தான் போனேன். அப்படிப் போன ஒரு நாளில் நடந்ததைச் சொல்ல நெடுநாளாக ஆசை. உங்களுக்கும் எந்தப் பேச்சாவது மனதில் தைத்திருந்தால் எழுதுங்கள்.

நான் எடுத்திருந்த தலைப்பு மன உறுதி. 1998-இல் ராய் பௌமைஸ்டரும் அவர் குழுவினரும் செய்த சோதனை இந்தத் துறையில் எல்லோருக்கும் பாடம். மேசையில் சாக்லேட் பிஸ்கட்டும் முள்ளங்கியும். ஒரு சாராரை முள்ளங்கி மட்டும் சாப்பிடச் சொன்னார்கள். பிறகு விடையே இல்லாத ஒரு புதிரைக் கொடுத்தார்கள். பிஸ்கட் சாப்பிட்டவர்கள் ஏறக்குறைய 19 நிமிடம் போராடினார்கள். ஆசையை அடக்கியபடி முள்ளங்கி தின்றவர்கள் 8 நிமிடத்தில் கைவிட்டார்கள். அடக்கிக்கொள்வதற்கு ஒரு சக்தி செலவாகிறது, அது தீர்ந்துவிடும் என்பது விளக்கம். என் ஆய்வுத் திட்டம் முழுவதும் இதன் மேல்தான் நின்றது.

அன்று பேச வந்தவரும் இதே துறையில் வளர்ந்தவர். மூன்றாவது ஸ்லைடில் ஒரு படம் போட்டார். 2016-இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து, முறையை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, 2,000 பேருக்கு மேல் வைத்து இந்தக் கருத்தைச் சோதித்த முடிவு அது. விளைவு பூஜ்யத்தை ஒட்டி நின்றது. அதை நான் படித்திருந்தேன். முறை சரியில்லை என்று சிலர் சொன்ன பதில்களையும் படித்து, அதில் ஆறுதல் தேடியிருந்தேன். ஆனால் அடுத்து அவர் சொன்னதை நான் எங்கும் படித்ததில்லை. தானே மூன்று முறை செய்து பார்த்ததாகவும், மூன்றிலும் ஒன்றும் வராததால் பிழை தன் கையில்தான் என்று நினைத்து அலமாரியில் வைத்துப் பூட்டியதாகவும் சொன்னார். எத்தனை பேர் அலமாரியில் இப்படிக் கிடக்கிறதோ என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

என் கணினியிலும் அப்படி ஒன்று இருந்தது. 84 பேரை வைத்துச் செய்த முன்னோட்ட ஆய்வு. ஒன்றும் வரவில்லை. கைடிடம்கூடச் சரியாகச் சொல்லவில்லை. அன்று இரவு அந்தக் கோப்பைத் திறந்தேன். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

* * *

உங்கள் பதிவைப் படித்தேன் அம்மா. நான் பள்ளி ஆசிரியை. ஆராய்ச்சிக்கும் எனக்கும் தொடர்பில்லை. பல்கலைக்கழகத்தில் பொதுமக்களுக்கும் அனுமதி உண்டு என்று கேள்விப்பட்டு, தேர்வு விடுமுறையில் ஒரு கருத்தரங்குக்குப் போனேன். தலைப்பு: படித்தது ஏன் மறக்கிறது.

பேசியவர் ஆரம்பத்திலேயே எங்களை இரண்டாகப் பிரித்தார். எல்லோருக்கும் ஒரே ஒரு பக்கம். இடப்பக்கம் இருந்தவர்கள் அதைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். வலப்பக்கம் இருந்தவர்கள் ஒருமுறை படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து, நினைவில் இருப்பதை எழுத வேண்டும். நான் வலப்பக்கம். பாதிக்கு மேல் எழுத வரவில்லை, தலையே காய்ந்தது. இடப்பக்கத்தில் இருந்தவர்கள் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

பிறகு 2006-இல் ரோடிகரும் கார்பிக்கியும் வெளியிட்ட ஆய்வைக் காட்டினார். நான்கு தடவை திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 83 சதவீதம் நினைவு வைத்திருந்தார்கள். ஒருமுறை படித்துவிட்டு மூன்று தடவை எழுதிப் பார்த்தவர்கள் 71. இதோடு நிறுத்தியிருந்தால் நாமெல்லாம் சொல்லிக்கொடுப்பது சரி என்று எழுந்து வந்திருப்பேன். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது முதல் கூட்டம் 40-க்கு இறங்கிவிட்டது, இரண்டாம் கூட்டம் 61-இல் நின்றது. இதில் என்னை உலுக்கியது வேறொன்று. ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முதலிலேயே கேட்டிருந்தார்கள். அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான்.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். விடியற்காலை எழுந்து சத்தமாக வாசிப்பான் என்று அவன் அம்மா சொல்வார். வகுப்பில் கேட்டால் விழிப்பான். உழைப்பு போதவில்லை என்று நான் அவனிடம் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவை அல்ல, பல தடவை. குறை அவன் உழைப்பில் இல்லை, நாங்கள் அவனுக்குக் காட்டிய வழியில் இருந்தது. விடுமுறை முடிந்ததும் அவனைக் கூப்பிட்டு, புத்தகத்தை மூடிவிட்டு எழுதச் சொன்னேன். முதல் நாள் மூன்று வரி. அழுதான். அழுவதுதான் பாதி வேலை என்று எனக்கு அப்போது தெரிந்திருந்ததால் கூடவே உட்கார்ந்திருந்தேன். இப்போது வகுப்பில் தினமும் முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் நேற்றைய பாடத்தைப் பார்க்காமல் எழுதுகிறார்கள். அதற்கு மதிப்பெண் கிடையாது. அதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

* * *

டீச்சர் எழுதியதைப் படித்த பிறகு நானும் சொல்லலாம் என்று தோன்றியது.

தாத்தா இறந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாசற்படியில் நிற்கிறேன். மழை. மாமா என் தோளில் கை வைத்திருக்கிறார். எனக்கு ஆறு வயது. இதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்திருக்கிறேன். ஒருநாள் அக்கா, "நீ அன்னிக்கு அங்க இல்லடா, காய்ச்சல்னு உன்ன பக்கத்து வீட்டுல விட்டுட்டுதான் போனோம்" என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. தாத்தாவிடமிருந்து என்னைப் பிரிப்பதுபோல் இருந்தது. கத்திவிட்டேன். இரண்டு வருடம் சரியாகப் பேசவில்லை.

மகள் படிக்கும் பல்கலைக்கழகத்தில் நினைவு பற்றிய கருத்தரங்கு. அவளை அழைத்துவரப் போனவன், நேரமிருந்ததால் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பேசியவர் எலிசபெத் லாஃப்டஸின் 1974 ஆய்வில் தொடங்கினார். கார் விபத்துக் காட்சியைக் காட்டிவிட்டு, ஒரு கூட்டத்திடம் கார்கள் "இடித்தபோது" என்ன வேகம் என்றும், இன்னொரு கூட்டத்திடம் "நொறுங்க மோதியபோது" என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்வி. காட்சியில் கண்ணாடி உடையவே இல்லை. முதல் கூட்டத்தில் 14 சதவீதமும், இரண்டாவதில் 32 சதவீதமும் பார்த்ததாகச் சொன்னார்கள். கேள்வியில் இருந்த ஒரு சொல், நினைவுக்குள் போய்க் கண்ணாடியாகக் கிடந்திருக்கிறது.

அதைக்கூட நான் தாண்டிவிட்டேன். முன்பின் தெரியாதவர்களின் கார், நமக்கென்ன என்று. அடுத்து அவர் சொன்னது சேலஞ்சர் விண்கலம் வெடித்த 1986-ஆம் ஆண்டு ஆய்வு. உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் மறுநாள் காலையிலேயே மாணவர்களிடம், செய்தியை எங்கே, யாரோடு இருந்தபோது கேட்டாய் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். இரண்டரை ஆண்டுக்கு மேல் கழித்து அதே கேள்விகள். 44 பேரில் 11 பேர் எழுதியது ஒன்றுகூட முதல் தாளோடு பொருந்தவில்லை. எல்லாம் சரியாகச் சொன்னவர்கள் மூன்றே பேர். தவறாகச் சொன்னவர்களும் உறுதியோடுதான் சொன்னார்கள். அவர்கள் கையெழுத்தையே எடுத்து நீட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை.

கேள்வி நேரத்தில் கை தூக்கினேன். எப்படித் தூக்கினேன் என்று தெரியவில்லை. ஒருவர் தான் அங்கே இல்லாத ஒரு நிகழ்ச்சியை இவ்வளவு தெளிவாகப் பார்க்கிறார் என்றால் அவர் பொய் சொல்கிறாரா என்று கேட்டேன். இல்லை என்றார் அவர். வீட்டில் பலமுறை சொல்லக் கேட்டது, புகைப்படம், வேறொரு மழை நாள், எல்லாம் சேர்ந்து மனம் கட்டிய வீடு அது, கட்டியவருக்குக் கட்டியது தெரியாது என்றார். பிறகு என்னைப் பார்த்து, வெளியே இருந்து வேறு சான்று இல்லாமல் அதை யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, அக்கா சொல்வதும் நினைவுதான் என்றார். அக்கா என்று நான் சொல்லவே இல்லை. சொன்னேனோ என்னவோ, சொல்லியிருப்பேன்.

அன்றே அக்காவுக்கு போன் செய்தேன். யார் சரி என்று பேசவில்லை. தாத்தாவைப் பற்றி அவளுக்கு என்னவெல்லாம் நினைவிருக்கிறது என்று கேட்டேன். ஒன்றரை மணி நேரம் பேசினாள். அந்த வாசற்படி இன்னும் எனக்குத் தெரிகிறது. அதை இப்போது நான் யாரிடமும் அடித்துச் சொல்வதில்லை.

* * *

ஒரு சின்ன விஷயம், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தோல்விக் கதைகளைக் கேட்டுவிட்டு உளவியலே நம்பத்தகாதது என்று முடிவுகட்டுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது. எங்கள் கருத்தரங்கில் ஒருவர் மறுபடி சோதித்தும் நிற்கும் முடிவுகளை மட்டும் வைத்து ஒரு மணி நேரம் பேசினார். ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ், மனப்பாடம் செய்தது நேரம் போகப் போக எவ்வளவு மறக்கிறது என்று 1885-இல் தன்னையே வைத்துக் காட்டிய மறதி வளைகோட்டை, 2015-இல் இரண்டு ஆய்வாளர்கள் மறுபடி செய்தார்கள். அவர்களில் ஒருவர் ஏறக்குறைய 70 மணி நேரம் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்தார். கோடு கிட்டத்தட்ட அதேபோல் வந்தது. 1935-இல் ஸ்ட்ரூப் காட்டியது, அதாவது "சிவப்பு" என்ற சொல்லை நீல மையில் எழுதி மையின் நிறத்தைக் கேட்டால் நாம் தடுமாறுவது, அந்த அரங்கில் இருந்த எல்லோருக்கும் அங்கேயே நேர்ந்தது. விழுந்ததைச் சொல்கிறோம் என்றால் நின்றதையும் சொல்ல வேண்டும்.

* * *

நான் ஒரு அப்பா. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

மார்ஷ்மெல்லோ சோதனையை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். குழந்தையின் முன்னால் அந்த மிட்டாய் ஒன்றை வைத்து, காத்திருந்தால் இரண்டு என்பார்கள். காத்திருக்கும் குழந்தை பிற்காலத்தில் நன்றாக வரும் என்று எங்கோ கேட்டு, என் மகளை நாலு வயதில் இப்படி உட்காரவைத்தேன். உடனே எடுத்துச் சாப்பிட்டாள். அன்றிலிருந்து அவளைப் பார்க்கும் பார்வையில் ஒரு கவலை சேர்ந்துவிட்டது. அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்தேன்.

குழந்தை வளர்ச்சி பற்றிய கருத்தரங்கில், பேச்சின் நடுவிலேயே ஒரு வயதான அம்மா எழுந்தார். "அந்தக் குழந்தைக்கு அதுக்கு முன்னாடி யாராவது வாக்குக் குடுத்து ஏமாத்தியிருந்தா?" என்று கேட்டார். பேசியவர் சிரித்த முகத்தோடு அடுத்த ஸ்லைடுக்குப் போனார். அதே கேள்வியை எடுத்துக்கொண்டு 2013-இல் செலஸ்ட் கிட் குழுவினர் செய்த ஆய்வு அங்கே இருந்தது. 28 குழந்தைகள். பாதிப் பேருக்கு, நல்ல வரைபொருள் கொண்டுவருகிறேன் என்று சொன்ன பெரியவர் கொண்டுவந்து கொடுத்தார். மீதிப் பேருக்குச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தார். அதன்பிறகு மார்ஷ்மெல்லோ. வாக்குக் காப்பாற்றப்பட்ட 14 பேரில் 9 பேர் கால் மணி நேரமும் காத்திருந்தார்கள். ஏமாந்த 14 பேரில் ஒருவர். சராசரியாக அந்தப் பக்கம் 12 நிமிடம், ஏமாந்த பக்கம் 3.

2018-இல் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தகவலை வைத்துப் பார்த்த இன்னொரு ஆய்வையும் காட்டினார். காத்திருப்பதற்கும் பிற்காலத்தில் நன்றாக வருவதற்கும் சொல்லப்பட்ட பழைய தொடர்பு பாதியாகச் சுருங்கியிருந்தது. குடும்பச் சூழலையும் கணக்கில் சேர்த்தால் அதிலும் பெரும்பகுதி கரைந்துவிட்டது. ஆனால் எனக்கு எண்கள் தேவைப்படவில்லை. அந்த வருடம் எனக்கு இரவு வேலை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், கூட்டிப்போகிறேன் என்று எத்தனை தடவை சொல்லி எத்தனை தடவை போகவில்லை என்று எனக்குத் தெரியும். அவள் கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது. இருக்கும்போதே எடுத்துக்கொண்டாள்.

கூட்டம் முடிந்ததும் அந்த அம்மாவைத் தேடினேன். போய்விட்டிருந்தார்.

* * *

முதலில் எழுதியவள்தான். எல்லோருடையதையும் இரண்டு முறை படித்தேன். தாத்தாவைப் பற்றி எழுதிய அண்ணன், அந்த ஒன்றரை மணி நேரத்தை எங்காவது எழுதி வையுங்கள். அக்காவின் கையெழுத்திலேயே இருந்தால் இன்னும் நல்லது.

மீதிக் கதை. மறுநாள் கைடிடம் அந்தக் கோப்பைக் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு, தன்னிடமும் ஒன்று இருப்பதாகச் சொன்னார். பிறகு திட்டத்தை மாற்றினோம். முன்பதிவு அறிக்கை என்று ஒரு முறை இருக்கிறது. ஆய்வைச் செய்வதற்கு முன்பே கேள்வியையும் முறையையும் இதழுக்கு அனுப்பிவிட வேண்டும். அவர்கள் அதைப் படித்து ஒப்புக்கொண்டால், முடிவு எதுவாக இருந்தாலும் வெளியிடுவார்கள். 2013-இல் இருந்து இதழ்கள் இதை ஏற்கின்றன. இதனால் என்ன மாறுகிறது என்று 2021-இல் வந்த ஓர் ஒப்பீடு சொல்கிறது. வழக்கமான உளவியல் கட்டுரைகளில் 96 சதவீதத்தில் முதல் கருதுகோள் மெய்ப்பட்டிருந்தது. முன்பதிவு அறிக்கைகளில் 44. இடையில் இருக்கும் அந்த வித்தியாசத்தில்தான் எங்கள் அலமாரிகள் இருக்கின்றன என்று நினைக்கிறேன்.

சென்ற மாதம் அதே கருத்தரங்கில், அதே மேடையில் என் 84 பேரின் கதையைச் சொன்னேன். கை நடுங்கியது. முதல் ஸ்லைடிலேயே "விளைவு இல்லை" என்று போட்டுவிட்டேன், ஒளிக்க இடம் இருக்கக்கூடாது என்பதற்காக. கேள்வி நேரத்தில் யாரும் குத்திக்காட்டவில்லை. அளவு போதுமா, 84 பேரை வைத்து "இல்லை" என்று சொல்ல முடியுமா என்று ஒரு முதலாண்டு மாணவர் கேட்டார். சரியான கேள்வி. முடியாது என்றுதான் சொன்னேன்.

வெளியே வந்ததும் என்னிடம் வந்து, சோதனைப் படிவங்கள் கிடைக்குமா, அதிகம் பேரை வைத்துச் செய்து பார்க்கிறேன் என்றார். எல்லாவற்றையும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். நேற்று அவர் முதல் பங்கேற்பாளரை உட்காரவைத்தாராம்.