புதுப்பிப்பு: பாட்டியின் பியானோவைக் கப்பலில் ஏற்றவில்லை
சென்னையிலிருந்து டொராண்டோவுக்குக் குடிபெயரும்போது பாட்டியின் பழைய பியானோவையும் கொண்டுசெல்லலாமா என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. மரப்பெட்டி அடிப்பதற்கு முன் சுருதி சேர்ப்பவரிடம் காட்டுங்கள் என்ற யோசனையே கைகொடுத்தது. கம்பிகளை இழுத்துப் பிடிக்கும் முளைகள் தளர்ந்திருப்பதையும், இந்த ஊர் ஈரக்காற்றில் பழகிய மரம் கனடாவின் குளிர்கால வறட்சியில் சுருங்கி ஒலிப்பலகை வெடிக்கக்கூடும் என்பதையும் அவர் பொறுமையாக விளக்கினார். நான் சற்றும் எதிர்பாராதது வேறொன்று: வெள்ளைக் கட்டைகளின் குறுக்கே மயிரிழை போன்ற இணைப்புக் கோடு இருந்தது, அவற்றின் மேல் ஒட்டியிருப்பவை யானைத் தந்தத் தகடுகள் என்பதற்கு அதுதான் அடையாளமாம். அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின்படி, உரிய அனுமதியின்றித் தந்தத்தை எல்லை தாண்டிக் கொண்டுசெல்ல முடியாது. ஆகவே பியானோ மயிலாப்பூர் வீட்டிலேயே, அக்காவின் பொறுப்பில் இருக்கிறது. முளைகளைச் சரிசெய்யும் வேலை தொடங்கிவிட்டது.