ஹூஸ்டன் மெக்சிகர்கள்: ‘நாங்களும் வெள்ளையர்’ என்று வாதாடியது சரியா?

கொள்ளிடத்தான்:
ஹூஸ்டனுக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. இன்று இந்த நகரத்தில் நூற்றுக்கு 44 பேர் லத்தீனோ மக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். 1910-ல் இங்கே இருந்த மெக்சிகர்கள் சுமார் 2,000 பேர்தான். மெக்சிகோவில் புரட்சி வெடித்தது; இங்கே 1914-ல் கப்பல் கால்வாய் திறந்தது; ரயில் பட்டறைக்கும் பஞ்சு மூட்டை ஏற்றவும் ஆள் தேவைப்பட்டது. 1930-க்குள் சுமார் 15,000 ஆகிவிட்டார்கள். கால்வாய்ப் பக்கம் மக்னோலியா பார்க், நகர மையத்துக்குக் கிழக்கே செகுண்டோ பாரியோ என்று குடியிருப்புகள் வளர்ந்தன.

இவர்களைத் தூக்கி நிறுத்தியது லூலாக் (LULAC) என்ற லத்தீனோ உரிமை அமைப்பும் ஃபெலிக்ஸ் டிஹெரினா போன்றவர்களும் என்பது என் கருத்து. உணவகத்தில் எச்சில் தட்டு எடுத்த பையன் அவர். இங்கிலீஷ் கற்று, சொந்தமாக உணவகங்கள் வைத்து, லூலாக்கின் தேசியத் தலைவராகவும் ஆனார். பள்ளியில் சேரும் முன்பே குழந்தைக்கு 400 இங்கிலீஷ் சொற்கள் தெரிந்திருந்தால் முதல் வகுப்பிலேயே தோற்காது என்று 1957-ல் ஒரு திட்டம் தொடங்கினார். முதலில் பாடம் எடுத்தது கனாடோ என்ற சிற்றூரில் 17 வயதுப் பெண். 1959-ல் டெக்சஸ் அரசே அதைச் சட்டமாக்கியது. அந்தத் தலைமுறை ‘சட்டப்படி நாங்கள் வெள்ளையர்’ என்று வாதாடியதற்காக இன்று அவர்களைத் திட்டுவது நியாயமில்லை.

வேல்விழி:
அண்ணா, அந்த 400 சொல் திட்டத்தை நானும் மதிக்கிறேன். ஆனால் ‘வெள்ளையர்’ வாதத்தை மன்னிக்க முடியவில்லை. அது யார் தலையில் விடிந்தது என்று பாருங்கள். 1970-ல் பள்ளிகளில் நிறப்பிரிவினையை ஒழிக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. ஹூஸ்டனில் என்ன நடந்தது? மெக்சிகப் பிள்ளைகளை ‘வெள்ளையர்’ கணக்கில் எழுதி, அவர்கள் நிறைந்த பள்ளிகளைக் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளோடு சேர்த்தார்கள். வசதியான வெள்ளையர் பள்ளிகள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. ஏழைப் பிள்ளைகளை ஏழைப் பிள்ளைகளோடு கலந்துவிட்டு ஒருங்கிணைப்பு முடிந்தது என்று கணக்குக் காட்டினார்கள். அப்பா அம்மா கேட்டு வாங்கிய பட்டத்தையே பிள்ளைகளுக்கு எதிராகத் திருப்பிவிட்டார்கள்.

கொள்ளிடத்தான்:
தங்கச்சி, 1970-ல் நின்றுகொண்டு 1930-ஐப் பார்க்கிறீர்கள். 1930 கணக்கெடுப்பில்தான் ‘மெக்சிகர்’ என்று தனி இனமாகப் பதிந்தார்கள். அமெரிக்கா முழுவதும் பொருளாதாரம் சரிந்த அந்தக் காலத்தில் வேலை போனது, உதவியும் கிடைக்கவில்லை. ஹூஸ்டனிலிருந்து மட்டும் சுமார் 2,000 பேர் மெக்சிகோவுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அன்றைய டெக்சஸில் ‘வெள்ளையர் இல்லை’ என்று தாளில் ஏறினால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்திலிருந்த கறுப்பின மக்களின் நிலைமையைப் பார்த்தே தெரிந்துகொண்டிருந்தார்கள். வீடு எரியும்போது கைக்குக் கிடைத்த வாளியைத்தான் எடுப்பார்கள்.

பாண்டியன்:
இதில் நான் வேல்விழி பக்கம். ஹூஸ்டனிலிருந்து தென்மேற்கே இரண்டு மணி நேரத்துக்குள் எட்னா என்ற ஊர் வந்துவிடும். அங்கே நடந்த கொலை வழக்கு ஒன்றில், மெக்சிகர் பெயர் கொண்ட ஒருவர்கூட ஜூரியில் இல்லை என்று குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல்கள் வாதாடப் போனார்கள். 25 வருடமாக ஒருவர்கூட இருந்ததில்லை. அந்த மாவட்டத்தில் நூற்றுக்கு 14 பேர் மெக்சிகர்கள். ‘மெக்சிகர் வெள்ளையர், ஜூரியில் இருப்பவர்களும் வெள்ளையர், அப்புறம் பாகுபாடு எங்கே?’ என்றது அரசுத் தரப்பு. அதே நீதிமன்றக் கட்டடத்தில் ஆண்கள் கழிப்பறை இரண்டு. ஒன்றில் பலகையே இல்லை. இன்னொன்றில் ‘கறுப்பர் ஆண்கள்’ என்று எழுதி, அதற்குக் கீழே ஸ்பானிஷில் ‘ஓம்ப்ரெஸ் அக்கீ’, அதாவது ‘ஆண்கள் இங்கே’. தாளில் வெள்ளையர், கழிப்பறைக்கு வேறு வாசல்! அந்தத் தாளால் என்ன பலன்?

கொள்ளிடத்தான்:
அந்த வழக்கை நடத்தியது யார் என்பதையும் சொல்லுங்கள், பாண்டியன். ஜான் ஹெரெராவும் ஜேம்ஸ் டி ஆண்டாவும் ஹூஸ்டன் வக்கீல்கள். ஹெரெரா சட்டம் படித்த காலத்தில் டாக்ஸி ஓட்டியவர், லூலாக் ஆள். அவர்களும் சான் அன்டோனியோ வக்கீல்களும் சேர்ந்துதான் 1954 மே 3-ம் தேதி உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள்.

வேல்விழி:
ஜெயித்தது எப்படி, அதைச் சொல்லுங்கள் அண்ணா! அரசியல் சட்டத்தின் பாதுகாப்பு வெள்ளையர், கறுப்பர் என்ற இரண்டு பிரிவுக்குள் அடங்காது. ஊரில் தனியாக ஒதுக்கப்பட்ட எந்தக் கூட்டத்துக்கும் உண்டு என்றது தீர்ப்பு. வழி 1954-லேயே திறந்தாயிற்று. அதற்குப் பிறகும் பதினாறு வருடம் பள்ளிகளில் அந்த ‘வெள்ளையர்’ கணக்கு ஓடியது. அதுதான் என் கோபம்.

பாண்டியன்:
என்னோடு வேலை பார்க்கும் ஒருவரின் அம்மா வெல்கா பள்ளியில் படித்தவர். வெல்கா என்றால் ஸ்பானிஷில் வேலைநிறுத்தம். ‘நாங்கள் பழுப்பு, வெள்ளை இல்லை’ என்று சொல்லி 1970-ல் ஏறக்குறைய 3,500 பிள்ளைகள் வகுப்புக்குப் போகாமல் நின்றார்கள்; பாடம் தடைபடக் கூடாது என்று சர்ச் கூடங்களில் பள்ளி நடத்தினார்கள். அந்தம்மா இன்னும் நினைவில் வைத்திருப்பது, மடியில் நோட்டை வைத்து எழுதியதால் கோணலாய்ப் போன எழுத்தை. அவருடைய அப்பாவோ பழைய லூலாக்காரர். ‘கொடுத்ததை ஏன் வேண்டாம் என்கிறீர்கள்’ என்று வீட்டில் தினமும் சண்டையாம். ஆனால் மகளைக் காலையில் அந்தச் சர்ச்சில் கொண்டுபோய் விட்டவரும் அவர்தான்.

அந்தப் போராட்டத்தை நடத்தியவர்களில் ஒருவரான லியோனல் காஸ்டிலோ அடுத்த வருடமே நகரத்தின் தலைமைக் கணக்கு அதிகாரி தேர்தலில் ஜெயித்தார்.

கொள்ளிடத்தான்:
அந்த அப்பா கதை எனக்குப் புதிது, பாண்டியன். 1954-க்குப் பிறகும் அதே வாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1930-களில் அவர்கள் எடுத்த முடிவைத் தவறு என்று மட்டும் சொல்ல மாட்டேன். டிஹெரினாவையும் விட்டுத்தர மாட்டேன்.

வேல்விழி:
சரி அண்ணா, 1930-களை உங்களுக்கே விடுகிறேன். ஆனால் 400 சொல் பற்றி ஒன்று. 1918 சட்டப்படி டெக்சஸ் பள்ளிகளில் இங்கிலீஷ் தவிர வேறு மொழியில் பாடம் நடத்துவது குற்றம். 1969 வரை அதுதான் நிலை. 1963 நவம்பர் 21 இரவு ரைஸ் ஹோட்டலில் லூலாக் விழாவுக்குக் கென்னடி வந்தபோது, அவர் மனைவி ஜாக்குலின் ஸ்பானிஷில் நாலு வார்த்தை பேசினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. மறுநாள் காலையில் அந்தக் கூட்டத்தின் பிள்ளைகள் அதே ஸ்பானிஷைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டுத்தான் வகுப்புக்குள் போயிருப்பார்கள்.