புதுப்பிப்பு: பழைய டீசல் எஸ்யூவியின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கசிவு சரியானது

குளிர்ந்த என்ஜினை இயக்கியதும் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடானதும் மறைந்துவிடும் ஓசையைப் பற்றி நான் முன்பு கேட்டதற்குப் பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. டேப்பெட் இடைவெளியை (வால்வுகளை இயக்கும் பாகங்களுக்கு இடையே விடப்படும் சிறு இடைவெளி) சிலர் சந்தேகித்தீர்கள். அது சரியாகவே இருந்தது. கைகொடுத்தது, சைலன்சர் குழாயின் வாய்வழியே புளோயரால் காற்றைச் செலுத்திக்கொண்டு, குளிர்ந்த மேனிஃபோல்டின் (சிலிண்டர்களின் புகையைத் திரட்டி சைலன்சர் குழாய்க்கு அனுப்பும் பாகம்) மீது சோப்பு நீரைத் தெளித்துப் பார்க்கும் யோசனைதான். கடைசி சிலிண்டரின் ஓரத்தில், கரிக்கோடு படிந்திருந்த இடத்திலேயே குமிழிகள் எழுந்தன. வெப்பக் கவசத்தைக் கழற்றினால், அங்கு மேனிஃபோல்டை என்ஜினோடு பிணைக்கும் ஸ்டட் (தலையில்லாத போல்ட்), சிலிண்டர் ஹெட்டின் முகப்போடு ஒட்ட முறிந்திருந்தது. அதன் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, சூடு ஆறுவதற்குள் மெல்ல முன்னும் பின்னும் திருப்பியதில் வெளியே வந்துவிட்டது.

எதிர்பாராதது, மேனிஃபோல்டே வளைந்திருந்ததுதான். முகப்பின் மீது எஃகு ஸ்கேலை வைத்துப் பார்த்தபோது ஓரங்களில் ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) தாராளமாக நுழைந்தது. கேஸ்கட்டை (இரு முகப்புகளுக்கு இடையே கசிவைத் தடுக்கும் தகடு) மட்டும் மாற்றியிருந்தால் அந்த வளைவு புதிய ஸ்டட்டையும் முறித்திருக்கும் என்பது என் கணிப்பு. ரீபோர் பட்டறையில் ஃபேஸிங் செய்து (முகப்பைச் சீவிச் சமமாக்கி), பல அடுக்கு எஃகு கேஸ்கட்டும் புதிய ஸ்டட்களும் போட்டு, நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) படிப்படியாக இறுக்கினோம். இப்போது காலையில் இயக்கும்போதும் ஓசை இல்லை. கேபினுக்குள் வந்துகொண்டிருந்த புகை நாற்றமும் நின்றுவிட்டது.