பொட்டாசியம் வெளியேற்று ஆற்றல் (எலக்ட்ரான் பரப்பை விட்டு வெளியேறத் தேவையான குறைந்த ஆற்றல்) 1.17 எ.வோ. (எலக்ட்ரான் வோல்ட்) என்று வருகிறது. எங்கே தவறு?

கேள்வி

பாதரச விளக்கு, ஃபில்டர்கள், வெற்றிட ஒளிமின்கலம் வைத்து, ஒளி பட்டு வெளிவரும் எலக்ட்ரான்களை முழுவதும் தடுக்கும் நிறுத்து மின்னழுத்தம் அளந்தோம். கேத்தோடு (ஒளி பட்டு எலக்ட்ரான் உமிழும் முனை) பொட்டாசியம் என்று கலத்தில் போட்டிருக்கிறது. கிடைத்தவை:

365 நா.மீ. – 1.86 வோல்ட்
405 நா.மீ. – 1.57
436 நா.மீ. – 1.38
546 நா.மீ. – 0.86
578 நா.மீ. – 0.74

அதிர்வெண்ணுக்கு எதிராக வரைந்தால் சாய்வு 3.70 × 10⁻¹⁵ வோல்ட் நொடி. வர வேண்டியது 4.14 (பிளாங்க் மாறிலி வகுத்தல் எலக்ட்ரான் மின்னூட்டம்). வெட்டுத்துண்டு (கோட்டைப் பூஜ்ய அதிர்வெண் வரை நீட்டினால் வரும் மதிப்பு) −1.17 வோல்ட். ஆனால் அட்டவணை பொட்டாசியத்துக்கு 2.30 எ.வோ. என்கிறது. சாய்வில் பத்து சதவீதம்தான் பிழை, வெட்டுத்துண்டு மட்டும் எப்படிப் பாதியாகிறது? மீட்டர் பூஜ்யம் காட்டும் இடத்தைத்தான் நிறுத்து மின்னழுத்தமாக எடுத்தோம்.

பதில் 1

பூஜ்யத்தை எடுத்ததுதான் முதல் சிக்கல். கேத்தோடிலிருந்து பொட்டாசியம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி, எதிரே எலக்ட்ரான்களைச் சேகரிக்கும் ஆனோடில் படிந்துவிடும். சிதறிய ஒளி அதில் பட்டால் ஆனோடும் எலக்ட்ரான் உமிழும். கேத்தோடு எலக்ட்ரான்களைத் தடுக்கும் அதே மின்னழுத்தம் இவற்றை இழுத்துக்கொள்ளும். இந்த எதிர் மின்னோட்டமும் மிச்சமுள்ள நேர் மின்னோட்டமும் சமமாகும் இடத்திலேயே மீட்டர் பூஜ்யம் காட்டிவிடும். உண்மையான நிறுத்து மின்னழுத்தம் அதையும் தாண்டி இருக்கிறது. குறுகிய அலைநீளத்தில் ஆனோடு அதிகம் உமிழும் என்பதால் 365-இல் இழப்பு அதிகம், மஞ்சளில் குறைவு. அதனால்தான் கோடு படுத்துவிட்டது.

ஒவ்வொரு நிறத்துக்கும் −3 வோல்ட் வரை மின்னோட்டம்–மின்னழுத்தம் முழு வளைகோடும் எடுங்கள். 0.1 வோல்ட் படி போதும், வளையும் இடத்தில் மட்டும் 0.02. கடைசியில் எதிர் மின்னோட்டம் தெவிட்டி ஏறக்குறைய நேர்கோடாகும். அந்தக் கோட்டை விட்டு வளைகோடு விலகத் தொடங்கும் புள்ளிதான் உங்களுக்கு வேண்டியது. ஆனோடு வளையத்தின் இரு முனைகளும் வெளியே வந்திருந்தால், கலத்தின் குறிப்பேடு அனுமதிக்கும் அளவு மின்னோட்டம் செலுத்திச் சூடாக்கி, படிந்ததை ஓட்டலாம்.

மஞ்சள் பக்கத்தையும் சந்தேகப்படுங்கள். ஃபில்டர் வழியே 436 நீலம் துளி கசிந்தாலும் 578-க்கான அளவு ஏறிவிடும், சாய்வு மறுபடி குறையும். 500-க்குக் கீழ் வெட்டும் கண்ணாடி ஒன்றைக் கூடுதலாக வையுங்கள். அறையில் எல்.ஈ.டி. அல்லாத பழைய வகை டியூப்லைட் இருந்தால் அதுவும் பாதரச விளக்குதான், அதே கோடுகளை உமிழும். அணைத்துவிடுங்கள்.

கலத்தின் குறுக்கே சாதாரண மல்டிமீட்டர் வைத்து நேரடியாகப் படித்தீர்களா? 10 மெகாஓம் மீட்டர் 2 வோல்ட்டில் 0.2 மைக்ரோஆம்பியர் இழுக்கும். ஒளிமின்னோட்டமோ நானோஆம்பியர் கணக்கில். அப்படியானால் ஏறக்குறைய மின்னோட்டமே இழுக்காத எலக்ட்ரோமீட்டர் இல்லாமல் முடியாது.

உங்கள் கடைசிக் கேள்விக்கு: புள்ளிகளின் சராசரி அதிர்வெண் 6.64 × 10¹⁴. சாய்வில் 0.44 × 10⁻¹⁵ குறைந்தால் வெட்டுத்துண்டில் 0.29 வோல்ட் போய்விடும். சாய்வு சரியானால் 1.46-க்கு வருவீர்கள்.

பதில் 2

1.46 வந்தாலும் 2.30 வராது, வரவும் கூடாது. வெட்டுத்துண்டு தருவது ஆனோடின் வெளியேற்று ஆற்றலை. பல செய்முறைக் கையேடுகள் இதை விழுங்கிவிடுகின்றன.

மின்சுற்று இணைப்பதால் நீங்கள் கொடுக்கும் மின்னழுத்தம் இரு உலோகங்களின் ஃபெர்மி மட்டங்களுக்கு (உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் உச்ச ஆற்றல் மட்டம்) இடையே நிற்கிறது. எலக்ட்ரான் வெற்றிடத்தில் உண்மையில் ஏற வேண்டிய மேடு அதோடு ஆனோடு, கேத்தோடு வெளியேற்று ஆற்றல்களின் வேறுபாடும் சேர்ந்தது. கேத்தோடை விட்டுக் கிளம்பும்போது பெரும இயக்க ஆற்றல் ஃபோட்டான் ஆற்றல் கழித்தல் கேத்தோடின் மதிப்பு. இரண்டையும் சமப்படுத்தினால் கேத்தோடின் மதிப்பு இருபுறமும் அடிபட்டுப்போகும். ஆனோடின் மதிப்பு மட்டும் நிற்கும். சாய்வு இதனால் மாறாது.

சுத்தமான பிளாட்டினம் ஆனோடாக இருந்தால் அது 5 எ.வோ.-க்கு மேல். 365 நா.மீ. ஃபோட்டானே 3.40 எ.வோ.தான், எனவே தடுப்பு மின்னழுத்தமே தேவைப்பட்டிருக்காது. 1.86 வோல்ட் வரை தடுக்க வேண்டியிருந்ததே ஆனோடில் பொட்டாசியம் போன்ற கார உலோகப் படலம் இருப்பதற்குச் சாட்சி.

கேள்வி கேட்டவர்

அப்படியானால் கேத்தோடின் மதிப்பை இதே கலத்தில் எப்படி எடுப்பது?

பதில் 2

உமிழ்வு எந்த அலைநீளத்தில் நிற்கிறது என்று பாருங்கள். முடுக்கும் மின்னழுத்தம் கொடுத்து, ஒற்றைநிறமாக்கியால் அலைநீளத்தை நீட்டிக்கொண்டே போங்கள். சுத்தப் பொட்டாசியம் என்றால் 539 நா.மீ. அருகே மின்னோட்டம் விழ வேண்டும். 546 பச்சை 0.03 எ.வோ.தான் குறைவு, அறை வெப்பநிலையில் வாலாகக் கொஞ்சம் உமிழும். 578-ஓ 2.30-ஐ விட 0.15 குறைவு. ஃபில்டர் கசிவை அடைத்த பிறகும் 578-இல் நல்ல மின்னோட்டம் வந்தால், கேத்தோடு பரப்பு வெறும் பொட்டாசியம் அல்ல, ஆக்சைடோ வேறு கலவையோ. இதில் ஒரு எச்சரிக்கை: ஆனோடு உமிழ்வும் கலக்காமல் இருக்க, ஒளிப்புள்ளியைக் கேத்தோடின் நடுவில் மட்டும் விழவையுங்கள்.

இயற்பியலாளர் மில்லிகன் 1916-இல் கார உலோகங்களை வெற்றிடத்துக்குள்ளேயே சீவிப் புதுப் பரப்பு எடுத்ததும், தொடுமின்னழுத்தத்தை (இரு உலோகங்களின் வெளியேற்று ஆற்றல் வேறுபாட்டால் வருவது) தனியே அளந்ததும் இதனால்தான். அட்டவணை எண்ணும் ஒற்றை எண் அல்ல. செம்புப் படிகத்தில், வெவ்வேறு திசையில் வெட்டிய (111) முகத்துக்கும் (110) முகத்துக்குமே ஏறத்தாழ அரை எ.வோ. வித்தியாசம். அறிக்கையில் 'ஆனோடின் பயனுறு வெளியேற்று ஆற்றல்' என்று எழுதுங்கள், 2.30 என்று திருத்தாதீர்கள்.