மறு: லிசனிங் போர்ட்டுக்குத் தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

பாலிடெக்னிக் மாணவர்களுக்கான லினக்ஸ் ஆய்வகக் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அதில் ஒரு பயிற்சி: கணினியில் லிசனிங் போர்ட் (இணைப்பு வருமென்று ஒரு நிரல் காத்திருக்கும், எண்ணிட்ட நுழைவிடம்) எவையெவை என்று பாஷ் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) மூலம் கண்டுபிடிப்பது. இவற்றைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையின் வெளியீட்டை எடுத்து, 22, 80, 443 (தொலைவிலிருந்து உள்நுழைவதற்கும் இணையதளங்களுக்கும் உரிய வழக்கமான எண்கள்) தவிர வேறு எண் தென்பட்டால் எச்சரிக்க வேண்டும். ‘கேட்கும் துறை’ என்று எழுதியிருந்தேன். வகுப்பில் வாசித்தால், “எந்தத் துறை சார், என்ன கேக்குது?” என்கிறார்கள். நல்ல சொல் தாருங்கள்.

சேலத்திலிருந்து

* * *

அன்புள்ள தம்பி,

துறையை விட்டுவிடாதீர்கள். லத்தீனில் போர்ட்டா என்றால் வாயில், போர்ட்டுஸ் என்றால் துறைமுகம். இரண்டும் ‘கடந்து செல்லுதல்’ என்ற ஒரே வேரில் பிறந்தவை. ஆற்றில் இறங்கிக் கடக்கும் இடம்தானே நம் துறையும்? ‘கேட்கும்’ என்பதற்கும் அஞ்ச வேண்டாம். குறளின் 42ஆம் அதிகாரம் ‘கேள்வி’. அங்கே அது காதால் கேட்டு அறிவது, வினா அல்ல. ‘கொல்களிறு’ போல வினைத்தொகையாக்கி ‘கேள்துறை’ என்று சுருக்குங்கள்.

தஞ்சையிலிருந்து

* * *

ஐயா, வணக்கம். நன்னூல் வழியே போனால் நெட்டெழுத்தை அடுத்த ளகரத்தின் முன் தகரம் டகரமாகும், பிறகு ளகரமும் கெடும். வேள் + தீது ‘வேடீது’ ஆவதுபோல உங்கள் சொல் ‘கேடுறை’ ஆகிவிடும். சேர்க்காமல் எழுதினால் இலக்கணம் இடறுகிறது, சேர்த்து எழுதினால் பொருள் கெடுகிறது.

மதுரையிலிருந்து

* * *

எங்கட பக்கம் ‘செவிமடுத்தல்’ புழக்கத்தில் உள்ள சொல். வானொலியில் நாள்தோறும் கேட்டு வளர்ந்தோம். ‘செவிமடுக்கும் துறை’ என்றால் வினா கேட்கும் குழப்பமே வராது. தமிழ்நாட்டு மாணவருக்கு அது பழஞ்சொல்லாகத் தோன்றலாம், ஆனால் ஒரு வகுப்பிலேயே பழகிவிடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து

* * *

நான் சர்வர் பார்த்துக்கொள்பவள். மாணவன் திரையில் என்ன பார்க்கிறான் என்பதிலிருந்து தொடங்குவோம். ஒரு வரியில் 0.0.0.0:22 என்றும் அடுத்ததில் 127.0.0.1:631 என்றும் வரும். முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது முகவரி, பின்னால் போர்ட் எண். முதலாவது, கணினியின் எல்லா ஐபிவி4 முகவரிகளிலும் (வலையமைப்பில் கணினியை அடையாளம் காட்டும் எண்கள்) இணைப்பை எதிர்பார்க்கிறது. இரண்டாவது அச்சுச் சேவை, அதே கணினிக்குள் இருந்து மட்டும்தான் அணுக முடியும். ஸ்கிரிப்ட் எண்ணை மட்டும் வெட்டி எடுத்தால் இந்த வேறுபாடு போய்விடும். முகவரியோடு சேர்த்தே எடுக்கச் சொல்லுங்கள். இது சொல்லைவிட முக்கியம்.

சொல்லுக்கு வருகிறேன். டிசிபியை (முதலில் இணைப்பு ஏற்படுத்திப் பிறகு தரவு அனுப்பும் நெறிமுறை) வரையறுத்த 1981ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 793 என்ற ஆவணம், லிசன் நிலையை ‘இணைப்பு வேண்டுகோளுக்குக் காத்திருத்தல்’ என்றே விளக்குகிறது. வேலை காத்திருப்பது, காது அதற்கு ஒரு உருவகம். ஆகவே ‘காத்திருக்கும் வாயில்’. வாயில் என்றால் திறப்பது, மூடுவது எல்லாம் விளக்கம் இல்லாமலே புரியும். ‘துறை’ என்றால் மாணவனுக்கு வருவாய்த் துறைதான் நினைவுக்கு வரும்.

சென்னையிலிருந்து

* * *

அக்கா, முகவரி பற்றிச் சொன்னதைக் கையேட்டில் சேர்த்துவிட்டேன், மிக்க நன்றி. சொல்லுக்கு இதுவரை வந்த தனிமடல்களையும் பார்த்தால் ‘கேட்கும் போர்ட்’ என்பதற்குத்தான் ஆதரவு அதிகம். போர்ட் அவர்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. ‘காத்திருக்கும் வாயில்’ என்பதை முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் தருகிறேன்.

சேலத்திலிருந்து

* * *

தம்பி, போர்ட்டை ஏற்க எனக்கு மனமில்லை. துறை என்றே பதிவு செய்யுங்கள். இன்னொன்று: இணைப்பு ஏற்படுத்தாமலே தரவு அனுப்பும் யூடிபி நெறிமுறையில் லிசன் என்ற நிலையே கிடையாது. எஸ்எஸ் அங்கே ‘அன்கான்’ (இணைப்பற்றது) என்றுதான் காட்டும். லிசன் என்ற சொல்லை மட்டும் தேடி வடிகட்டும் ஸ்கிரிப்ட், 53ஆம் எண்ணில் யூடிபி வழியே இயங்கும் டிஎன்எஸ் சேவையை (தளப் பெயருக்கு உரிய முகவரியைத் தருவது) தவறவிடும். அதற்கும் சேர்த்துப் பொருந்தும் சொல்லா நாம் தேர்ந்தது? அச்சுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே.

தஞ்சையிலிருந்து